பதிவேட்டில் முப்பத்தேழாவது பெயர்

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, என் ஒவ்வொரு வார்த்தையையும் குறித்து வைத்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் அவையோரே, எல்லாருக்கும் வணக்கம்.

தாமதமாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகத் தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். சின்ன வயதிலேயே உலகம் அறிந்த பிரபலமாகிவிட்ட ஒரு பிள்ளை, பதினான்கு பதினைந்து வயதில், ‘எல்லாரையும் போல நானும் சாதாரணமாகப் பள்ளிக்கூடம் போகணும்’ என்று ஏங்குகிறது. அந்த ஏக்கம் நியாயமான தேவையா, இக்கரைக்கு அக்கரை பச்சையா? நியாயமான தேவைதான் என்று சொல்ல வந்த அணியில் மூன்றாவது ஆள் நான். எனக்கு முன்னால் பேசிய இருவரும் நல்ல நல்ல பாயிண்டுகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் மீதியை வைத்துத்தான் நான் ஒப்பேற்ற வேண்டும்.

எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார், அதில் சந்தேகமே இல்லை. ‘வாசலில் கார் நிற்கிறது, வங்கிக் கணக்கில் பணம் விழுகிறது, போகிற இடமெல்லாம் கைதட்டல். இதை விட்டுவிட்டு யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார ஆசைப்பட்டால் அதற்குப் பெயர் என்ன? இக்கரைக்கு அக்கரை பச்சை!’ என்றார். நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். பழமொழியில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அது யார் சொல்கிற பழமொழி? ஒரு கரையில் வாழ்ந்து பார்த்துவிட்டு, எதிர்க்கரையை எட்டிப் பார்க்கிறவன் சொல்வது. அவன் நினைத்தால் ஆற்றைக் கடக்கலாம், பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம். ஏழு வயதில் நடு ஆற்றில் படகில் ஏற்றிவிட்ட பிள்ளைக்கு எது ஐயா இக்கரை, எது அக்கரை? படகு ஓட ஓட இரண்டு பக்கமும் கைதட்டுகிறார்கள். இறங்குகிறேன் என்று சொன்னால் மட்டும் யாருக்கும் காது கேட்பதில்லை.

அவர்கள் அணியில் இரண்டாவதாகப் பேசிய தங்கை ஒரு கேள்வி கேட்டார். ‘எந்தப் பிள்ளையாவது அல்ஜீப்ராவுக்கு ஏங்குமா?’ என்று. நடுவர் அவர்களே, நான் கணக்கு வாத்தியார். இருபது வருடத்துக்கு மேலாக அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். என் பாடத்துக்கு ஏங்கிய பிள்ளையை இதுவரை நான் பார்த்ததில்லை. பாடம் முடிகிற மணிக்கு ஏங்கிய பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் தங்கை சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன், அல்ஜீப்ராவுக்கு யாரும் ஏங்கவில்லை. அப்படியானால் எதற்கு ஏங்குகிறார்கள்? அதைச் சொல்லத்தான் எழுந்தேன்.

காலையில் வகுப்புக்குள் போனதும் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடுவேன். முப்பத்தைந்து, முப்பத்தாறு, அடுத்து முப்பத்தேழு. அந்தப் பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து வீட்டுப்பாடத்தை அவசர அவசரமாக எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல் ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்லும். நானும் தலையைத் தூக்காமல் டிக் போடுவேன். அடுத்து முப்பத்தெட்டு. அவ்வளவுதான் நடந்தது. அந்தப் பிள்ளை இங்கே இருக்கிறது என்று ஒருவர் குறித்துக்கொண்டார், அதற்கு மேல் அதனிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. இருந்தால் போதும். வந்து உட்கார்ந்தால் போதும்.

பிரபலமாகிவிட்ட பிள்ளையின் பெயரை இப்படி யாராவது கூப்பிடுகிறார்களா? பெயரைக் கூப்பிட்டால் உடனே எதையாவது செய்து காட்ட வேண்டும். நடிக்கணும், இல்லாவிட்டால் பாடணும், இல்லாவிட்டால் சிக்ஸர் அடிக்கணும். ஒன்றுமே இல்லை என்றாலும் சிரிக்கவாவது செய்யணும். வெறுமனே ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்ள அந்தப் பிள்ளைக்கு உலகத்தில் ஓர் இடம் கிடையாது. பதிவேட்டில் முப்பத்தேழாவது பெயராக இருப்பது எவ்வளவு பெரிய சொகுசு என்று முப்பத்தேழாவது பெயருக்குத் தெரியாது. ஒன்றாம் பெயராகவே இருந்து களைத்தவர்களுக்குத்தான் தெரியும்.

டேவிட் எல்கைண்ட் என்று ஓர் அமெரிக்க உளவியலாளர். 1967ல் அவர் எழுதிய ஒரு கட்டுரை, பதின்ம வயது மனசைப் பற்றி இன்றைக்கும் பாடமாகச் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. பதின்ம வயதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தன்னைச் சுற்றி ஒரு கற்பனைப் பார்வையாளர் கூட்டம் இருக்கிறது என்கிறார். எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள், என் சட்டையைப் பார்க்கிறார்கள், என் நடையைப் பார்க்கிறார்கள் என்று தோன்றிக்கொண்டே இருக்குமாம். வீட்டில் இந்த வயதுப் பிள்ளை இருக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. நெற்றியில் ஒரு பரு வந்துவிட்டால் முடியை முன்னால் இழுத்து மறைத்துக்கொண்டு, கண்ணே தெரியாமல் கிளம்பிப் போகும். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை இதன் பருவைப் பார்த்ததா? இல்லை. அது தன் பருவை மறைக்கிற வேலையில் மும்முரமாக இருக்கிறது. நாற்பது பேரும் ‘எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்’ என்று நினைத்துக்கொண்டு, யாரும் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் பெயர்தான் நடுவர் அவர்களே, ஒன்பதாம் வகுப்பு.

சரி, அப்புறம் என்ன ஆகிறது? இரண்டு மூன்று வருடம் போகிறது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்த நாளில் யாரும் சிரிக்கவில்லை. ஒரு வாரம் யாரிடமும் பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்ததை ஒருவரும் கவனிக்கவே இல்லை. மெதுவாக ஒரு நாள் பிள்ளைக்கு விளங்குகிறது, ‘அட, யாரும் என்னைப் பார்க்கவில்லை!’ முதலில் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும். பிறகு பார்த்தால் அப்பாடா என்று இருக்கும். மூச்சு விடலாம், கோணல்மாணலாக இருக்கலாம், இன்றைக்கு ஒரு மாதிரி நாளைக்கு ஒரு மாதிரி இருந்து பார்த்துத் தனக்கு எது பொருந்துகிறது என்று தேடலாம். பாடத்திட்டத்தில் இது எங்கேயும் எழுதப்படவில்லை, இதற்குத் தேர்வும் கிடையாது. ஆனால் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுக்கிற பாடங்களிலேயே பெரிய பாடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன், கணக்கையும் சேர்த்தே சொல்கிறேன்.

இப்போது அந்தப் பிரபலப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அதற்கும் அதே பதினான்கு வயது, அதே பரு, எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள் என்ற அதே பயம். ஒரே ஒரு வித்தியாசம், அதன் விஷயத்தில் அந்தப் பயம் உண்மை. நிஜமாகவே எல்லாரும் பார்க்கிறார்கள். பருவைப் பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டு, ‘என்ன ஆச்சு இவருக்கு?’ என்று தலைப்பு வைத்துச் சுற்றில் விடுகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளையிடம் ‘கண்ணு, உன்னை யாரும் பார்க்கலை, நீ பாட்டுக்குப் போயிட்டு வா’ என்று சொல்ல முடிகிறது. அந்தப் பிள்ளையிடம் அப்படிச் சொன்னால் அது பொய். மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் வளர வளரக் கலைந்து போகிற கற்பனைக் கூட்டம், இந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் வளர வளரப் பெருகுகிறது. அது பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்டால், அந்தக் கூட்டத்திலிருந்து தினமும் ஏழு மணி நேரம் ஒளிந்துகொள்ள இடம் கேட்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

எதிரணியில் மூன்றாவதாகப் பேசியவர், ‘ஒளிந்துகொள்ள வீடு இருக்கிறதே, பேசிச் சிரிக்கச் சுற்றிலும் பத்துப் பேர் இருக்கிறார்களே’ என்றார். அந்தப் பத்துப் பேர் யார் யார் என்று கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். மேனேஜர், மேக்கப் போடுகிறவர், உடை பார்க்கிறவர், டிரைவர், பாதுகாப்புக்கு வருகிறவர், வீட்டில் வந்து பாடம் சொல்லிக்கொடுக்கிற டியூஷன் மாஸ்டர். எல்லாருமே நல்லவர்களாகவே இருக்கட்டும். ஆனால் அத்தனை பேருக்கும் மாதச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? அந்தப் பதினாலு வயதின் உழைப்பிலிருந்து வருகிறது. சில வீடுகளில் அப்பாவும் அம்மாவும்கூட வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையின் வேலையையே தங்கள் வேலையாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். அதாவது, அந்த வீட்டில் முதலாளி யார்? ஒன்பதாவது படிக்க வேண்டிய பிள்ளை.

முதலாளி ஜோக் அடித்தால் என்ன ஆகும்? எல்லாரும் சிரிப்பார்கள். முதலாளி தப்பு செய்தால்? யாரும் வாய் திறக்க மாட்டார்கள். என் வகுப்பில் ஒரு பிள்ளை மொக்கை ஜோக் அடித்தால் அந்த நிமிடமே பின் பெஞ்சிலிருந்து ‘டேய், போதும் உட்காரு’ என்று சத்தம் வரும். அந்த ‘டேய்’ இருக்கிறதே, அதை எந்தச் சம்பளம் கொடுத்தும் வாங்க முடியாது. சம்பளம் வாங்காதவன்தான் அதைச் சொல்ல முடியும். தான் சொன்னது நன்றாக இருந்ததா இல்லையா என்பதே தெரியாமல் வளர்கிற பிள்ளை, தன்னை ‘டேய்’ என்று கூப்பிட ஓர் ஆள் வேண்டும் என்று ஏங்கினால் அது பச்சை தேடுகிற கண்ணா? இல்லை நடுவர் அவர்களே, அது பசி.

வீட்டிலேயே ஆசிரியர் வந்து சொல்லிக்கொடுக்கிறாரே, அது போதாதா என்று கேட்கிறார்கள். பாடத்துக்குப் போதும். கலிபோர்னியாவில் படப்பிடிப்பில் இருக்கும் பள்ளி வயதுப் பிள்ளைக்குப் பள்ளி நாட்களில் மூன்று மணி நேரம் பாடம் நடத்தியாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, அதற்கென்று உரிமம் பெற்ற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். இந்தியாவிலும் 2017ல் வந்த விதிகள், குழந்தை நட்சத்திரத்திடம் ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, படிப்பு தடைபடக் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் வங்கியில் போட வேண்டும் என்றெல்லாம் சொல்கின்றன. நல்ல விதிகள்தான். ஆனால் அந்தச் சட்டத்தில் குழந்தை என்றால் பதினான்கு வயது நிரம்பாதவர். ஏக்கம் வந்து குடியேறுகிற வயதில் சரியாகக் குடையை மடக்கிவிடுகிறது சட்டம்.

இந்த மாதிரிச் சட்டங்கள் எல்லாம் எப்படி வந்தன? ஜாக்கி கூகன் என்று ஒரு பையன். 1921ல் சார்லி சாப்ளினோடு நடித்து உலகப் புகழ் பெற்றான். மில்லியன் கணக்கில் சம்பாதித்தான். பெரியவனான பிறகு கேட்டால், பணத்தில் பெரும் பகுதி செலவாகிவிட்டது. 1938ல் அம்மாமீதும் அம்மாவின் இரண்டாவது கணவர்மீதும் வழக்குப் போட்டார். கடைசியில் கிடைத்தது ஏறக்குறைய 1,26,000 டாலர். ஊர் கொதித்துப்போய், 1939ல் கலிபோர்னியாவில் அவர் பெயராலேயே அறியப்படும் சட்டம் வந்தது. பிள்ளையின் சம்பாத்தியத்தில் ஒரு பங்கைப் பிள்ளைக்கென்று ஒதுக்கி வைக்க அது வழி செய்தது. பார்த்தீர்களா, பணம் போனால் வழக்குப் போடலாம், சட்டம் போடலாம், கொஞ்சமாவது திருப்பி வாங்கலாம். எட்டாவது வகுப்பு போய்விட்டது, திருப்பிக் கொடுங்கள் என்று எந்தக் கோர்ட்டில் போய் நிற்பது?

அதே ஹாலிவுட்டில் அடுத்து வந்தவர் ஷர்லி டெம்பிள். 1935லிருந்து 1938 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அமெரிக்காவின் வசூல் பட்டியலில் முதலிடம். அந்த நான்கு ஆண்டுகள் ஏழு வயதிலிருந்து பத்து வயது வரை! பிள்ளை இன்னும் சின்னதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஸ்டுடியோவில் அவருடைய பிறந்த வருடத்தையே ஓராண்டு மாற்றிவிட்டார்கள். தான் நினைத்துக்கொண்டிருந்ததைவிடத் தனக்கு ஒரு வயது அதிகம் என்பது அவருக்கே பல வருடம் தெரியாது. கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் போட்டவரைப் பார்க்க அம்மா கூட்டிக்கொண்டு போனபோது, அந்தத் தாத்தா தன்னிடம் ஆட்டோகிராஃப் கேட்டார், அன்றோடு தாத்தாமேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது என்று பிற்காலத்தில் அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். நாமும் சிரிக்கிறோம். ஆறு வயதுக் குழந்தை கேட்க வந்தது ஒரு பொம்மை. தாத்தாவே கை நீட்டினால் குழந்தை யாரிடம் கேட்கும்?

அந்த ஷர்லி டெம்பிள் 1940ல் ஸ்டுடியோவை விட்டு வந்ததும் பெற்றோர் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் எது? ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். அதுவரை ஸ்டுடியோவுக்குள்ளேயே தனியாக ஓர் ஆசிரியரிடம் படித்துக்கொண்டிருந்தவர், பன்னிரண்டு வயதில்தான் நிஜமான வகுப்பறையில் போய் உட்கார்ந்தார். பிற்காலத்தில் கானாவுக்கும் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் அமெரிக்கத் தூதராகப் போனவர் அவர். பள்ளிக்கூடம் போனதால்தான் தூதரானார் என்று நான் சொன்னால் நடுவர் மணி அடித்துவிடுவார். சொல்லவில்லை. முப்பத்தேழாவது பெயராகப் போய் உட்கார்ந்ததால் அவர் ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை, அந்த அளவுக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

இதைவிட எனக்குப் பிடித்த கதை பீட்டர் ஆஸ்ட்ரம் என்ற பையனுடையது. 1971ல் வந்த ஒரே ஒரு படம். சாக்லேட் தொழிற்சாலைக்குள் போகிற ஏழைப் பையனாக நடித்தான். அடுத்து மூன்று படத்துக்கு ஒப்பந்தம் நீட்டினார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துகொண்டான். படித்து மாட்டு வைத்தியர் ஆனார். எதிரணி நண்பர்களே, அவர் ஏக்கத்தை அக்கரைப் பச்சை என்று சொல்கிறீர்களா? அக்கரைக்குப் போனார், அங்கேயே மாடு கன்றோடு வாழ்க்கையை நடத்தினார்.

எதிரணியின் பெரிய அஸ்திரத்துக்கு வருகிறேன். குகேஷைச் சொன்னார்கள். நான்காம் வகுப்புக்குப் பிறகு முழுநேரப் பள்ளிக்குப் போகவில்லை, 2024 டிசம்பரில் பதினெட்டு வயதில் உலக சதுரங்க சாம்பியன், பள்ளிக்குப் போயிருந்தால் இது நடந்திருக்குமா என்று கேட்டார்கள். ஒருவேளை நடந்திருக்காது. அதை மறுத்துப் பேச நான் வரவில்லை. அந்தக் குடும்பம் யோசித்து எடுத்த முடிவு, அந்தப் பிள்ளையும் விரும்பி நடந்த வழி. ஆனால் தலைப்பு என்ன? பள்ளி வேண்டும் என்று ஏங்குகிற பிள்ளையைப் பற்றியது தலைப்பு. ஏங்காத பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தி, பார், இவன் ஏங்கவில்லை, அதனால் உன் ஏக்கம் பொய் என்றால் எப்படி? பசிக்காதவனைக் காட்டிப் பசித்தவனைப் பந்தியிலிருந்து எழுப்பிவிடுவது போல இருக்கிறது.

அதே சதுரங்கத்திலேயே பிரக்ஞானந்தா இருக்கிறார். பன்னிரண்டு வயதில் கிராண்ட்மாஸ்டர். 2022 மே மாதம் பெரிய ஆன்லைன் போட்டி ஒன்றின் அரையிறுதியில் அனிஷ் கிரியை வென்றபோது இரவு மணி இரண்டு. பேட்டி எடுத்தவரிடம் சொல்கிறார், காலையில் எட்டே முக்காலுக்குப் பள்ளியில் இருக்கணும் என்று! பதினோராம் வகுப்புத் தேர்வு. உலகத்தின் முன்னணி ஆட்டக்காரரைத் தோற்கடித்த கையோடு, தேர்வு எழுதும்போது தூங்கிவிடக் கூடாதே என்ற கவலை. எதிரணியினர் இதைக் கொடுமை என்பார்கள். எனக்கென்னவோ அந்தக் கவலை ரொம்ப ஆரோக்கியமாகத் தெரிகிறது. உலகம் முழுக்கப் புகழ்ந்துகொண்டிருக்கும்போது, ஒரு பள்ளிக்கூடத்து மணி ‘நீ யாராக இருந்தாலும் எட்டே முக்காலுக்கு வந்துவிடு’ என்று சொல்கிறது. அப்படிச் சொல்ல வேறு யாருக்குத் தைரியம் இருக்கிறது?

ஸ்பெயின் அணியின் லமீன் யமாலைச் சொல்லாமல் விட முடியாது. 2024 ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்து அரையிறுதியில் பிரான்ஸுக்கு எதிராக அவர் அடித்த கோலைப் பார்க்காதவர்கள் இன்றைக்கே தேடிப் பாருங்கள். அப்போது வயது பதினாறு. பதினேழாவது பிறந்தநாளுக்கு மறுநாள் ஸ்பெயின் கோப்பையை வென்றது. அந்தத் தொடருக்கு ஜெர்மனிக்குப் போகும்போது அவர் பெட்டியில் பூட்ஸோடு பள்ளிப் புத்தகமும் போனது. தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே பள்ளிப் படிப்பில் தேர்ச்சி பெற்ற செய்தியும் வந்தது. கோல் அடித்தவனுக்கும் வீட்டுப்பாடம் உண்டு.

எங்கள் பக்கத்திலும் ஓட்டை இருக்கிறது, அதை நானே சொல்லிவிடுகிறேன். எதிரணித் தங்கை சொன்னது போல, பள்ளிக்கூடம் சொர்க்கம் கிடையாது. கேலி இருக்கிறது, பட்டப்பெயர் இருக்கிறது, மதிப்பெண் பயம் இருக்கிறது. ஒரு பிரபலம் வந்து உட்கார்ந்தால் முதல் வாரம் முழுக்க செல்ஃபிதான் நடக்கும். வாத்தியார்களே வரிசையில் நிற்போம், பொய் சொல்வானேன். ‘நீ பெரிய ஆளுன்னு நினைப்பா?’ என்று ஒதுக்கி வைக்கிற கூட்டமும் இருக்கும். ஏங்கின மாதிரி அப்படியே சாதாரணப் பள்ளி வாழ்க்கை அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காமலும் போகலாம். ஆனால் கேட்டது முழுசாகக் கிடைக்காது என்பதற்காகக் கேட்டதே தப்பு என்று ஆகிவிடுமா? அப்புறம், முதல் வாரம் செல்ஃபி எடுத்த பிள்ளைகள் மூன்றாவது மாதம் என்ன செய்வார்கள் தெரியுமா? நட்சத்திரம் என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள், பென்சில் கடன் கேட்பார்கள். வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்கவும் மாட்டார்கள். பிள்ளைகளின் வியப்புக்கு ஆயுள் ரொம்பக் குறைவு. அந்த வகையில் அவர்கள் நம்மைவிட எவ்வளவோ மேல்.

பள்ளிக்குப் போகாமல் இருந்ததற்காகவே உலகப் புகழ் பெற்ற ஒரு பெண்ணும் இருக்கிறார், கிரெட்டா துன்பெர்க். 2018 ஆகஸ்டில் பதினைந்து வயதில், பருவநிலை மாற்றத்தைத் தடுக்கச் சொல்லி, பள்ளிக்குப் போகாமல் ஸ்டிரைக் செய்து ஸ்வீடன் நாடாளுமன்றத்தின் முன்னால் பலகையோடு உட்கார்ந்தார். ஐக்கிய நாடுகள் சபை வரைக்கும் போய்ப் பேசினார். படிப்புக்கு ஒரு வருடம் விடுப்பு எடுத்துக்கொண்டார். 2020 ஆகஸ்டில் திரும்ப வகுப்புக்குப் போன அன்று, புத்தகப் பையோடு ஒரு படத்தைப் போட்டு, கடைசியில் பள்ளிக்குத் திரும்பியது ரொம்ப நன்றாக இருக்கிறது என்று எழுதினார். எதிரணியில் யாராவது அவரிடம் போய் ‘அது அக்கரைப் பச்சை அம்மா’ என்று சொல்லிப் பாருங்கள். என்ன பதில் வரும் என்பதை நான் இங்கே சொல்ல முடியாது.

நடுவர் அவர்கள் கையை மணிப் பக்கம் கொண்டுபோகிறார், பார்த்துவிட்டேன். இரண்டே நிமிடம். மலாலாவைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

பெண் பிள்ளைகள் பள்ளிக்குப் போகணும் என்று பேசியதற்காகச் சுடப்பட்ட பிள்ளை. 2012 அக்டோபரில், பதினைந்து வயதில், பாகிஸ்தானில் பள்ளியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த வண்டிக்குள் வைத்துத் தாலிபான்கள் சுட்டார்கள். பிழைத்து எழுந்து இங்கிலாந்தில் பர்மிங்காமில் ஒரு பள்ளியில் சேர்ந்தார். சேர்ந்த நாளிலேயே உலகம் முழுக்கத் தெரிந்த முகம். சாதாரணமாக இருப்பதற்கு அவரைவிடக் குறைந்த வாய்ப்பு யாருக்கு இருந்திருக்கும்?

2014 அக்டோபர் 10. வேதியியல் வகுப்பு. மின்னாற்பகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. ஆசிரியை ஒருவர் வந்து அவரை வெளியே கூப்பிடுகிறார். நோபல் அமைதிப் பரிசு உனக்குக் கிடைத்திருக்கிறது என்கிறார். வயது பதினேழு, அந்தப் பரிசை வாங்கியவர்களிலேயே மிக இளையவர். உலகத்திலுள்ள அத்தனை கேமராவும் பள்ளிக்கூடத்து வாசலைப் பார்த்து ஓடி வருகின்றன. நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்போம். ஒரு வாரத்துக்கு லீவு லெட்டரும் கொடுத்திருப்போம்.

பள்ளி நேரம் முடிகிற வரைக்கும் போவதில்லை என்று அந்தப் பெண் முடிவு செய்தார். அடுத்து இயற்பியல் வகுப்பு, போய் உட்கார்ந்தார். அதற்கடுத்து ஆங்கில வகுப்பு, அதிலும் போய் உட்கார்ந்தார். எப்போதும் போல ஒரு சாதாரண நாளாகவே இருந்தது என்று சாயங்காலம் நிருபர்களிடம் சொன்னார். இந்தப் பரிசு தேர்வில் எனக்கு உதவப் போவதில்லை என்றும் சொன்னார். உலகமே வாசலில் வந்து நிற்கும்போது ஒரு பதினேழு வயதுப் பெண் கேட்டு வாங்கிக்கொண்டது இரண்டு பீரியடு. அது பச்சையா, பசியா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே.

இதோ, மணி அடித்துவிட்டீர்கள். மணி அடித்தால் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு உட்காரணும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கூடம்தான். உட்கார்ந்துவிட்டேன். வணக்கம்.